ஐந்து ஆடுகள், ஒரு பெண், இரண்டு ஆண்டுக் கணக்கு

ஆதரவற்றோர், கைம்பெண்கள், கணவனால் கைவிடப்பட்டோர் என வறுமையில் வாழும் 38,800 பெண்களுக்குத் தலா ஐந்து ஆடுகளை முழு மானியத்தில் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2021-22இல் கொண்டுவந்தது. ஒதுக்கீடு 75.63 கோடி ரூபாய். 388 ஊராட்சி ஒன்றியங்களில் ஒன்றியத்துக்கு நூறு பேர் என்பது கணக்கு. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தின் இலக்கு ஏழு லட்சம் குடும்பங்கள், வீட்டுக்கு நான்கு ஆடுகள். ஆடு கொடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கொடுத்த ஆடு இரண்டாம் ஆண்டு முடிவில் உயிரோடு இருக்கிறதா, குட்டியை விற்ற பணம் யார் கைக்குப் போனது என்று கேட்டால்தான் அந்தப் பெண்ணின் நிலை மாறியதா என்பது தெரியும்.

ஐந்தில் நான்கு பெட்டை என்று வைத்துக்கொள்வோம். வெள்ளாட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள். நன்றாகப் பராமரித்தால் இரண்டு ஆண்டுகளில் மூன்று ஈற்று கிடைக்கும். நான்கு ஆடுகளுக்குப் பன்னிரண்டு ஈற்று. அதில் பாதி இரட்டைக் குட்டி என்றால் மொத்தம் பதினெட்டு. மூன்றில் ஒரு பங்கு குட்டிகள் செத்தால் மிச்சம் பன்னிரண்டு. நடுவில் ஒரு தாய் ஆடும் போய்விட்டால் அதற்கு ஈடாக ஒரு பெட்டைக் குட்டியை விற்காமல் நிறுத்த வேண்டும். தழை வெட்டியதும், தண்ணீர் சுமந்ததும், புழுக்கை கூட்டியதும் பதினெட்டுக்கும் ஒன்றுதான், பன்னிரண்டுக்கும் ஒன்றுதான். செத்த ஒவ்வொரு குட்டியும் அவளுடைய கூலியில் இருந்தே கழிகிறது. குட்டிச் சாவைக் குறைப்பதுதான் இதில் செலவு குறைந்த வருமானப் பெருக்கம்.

முதல் நாள், முதல் மாதம்

குட்டி சாவு பெரும்பாலும் பிறந்த சில வாரங்களுக்குள் நடக்கிறது. காரணங்கள் பழகியவை. ஆடு, மாடு போன்ற அசைபோடும் விலங்குகளில் நோய் எதிர்ப்புப் பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குப் போவதில்லை. சீம்பால் ஒன்றே வழி. அதை உறிஞ்சிக்கொள்ளும் திறனும் குட்டியின் குடலுக்கு ஏறத்தாழ 24 மணி நேரம்தான் இருக்கும், அதுவும் மணிக்கு மணி குறைந்துகொண்டே போகும். நஞ்சுக்கொடி விழட்டும், பிறகு பால் விடலாம் என்று காத்திருக்கும் வழக்கம் பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. அந்தக் காத்திருப்பில் போவது மிக முக்கியமான நேரம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால் உள்ளே போக வேண்டும். முதல் நாளில் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டு கிலோ குட்டிக்கு 200 மில்லி, மூன்று நான்கு தடவையாகக் கிடைக்க வேண்டும். குட்டி சப்பும்போது மடியில் உண்மையிலேயே பால் வருகிறதா என்று முதலில் ஒரு பீச்சு பீச்சிப் பார்த்துவிடுவது நல்லது. காம்புத் துளை அடைத்திருந்தால் குட்டி சப்பிக்கொண்டே பட்டினி கிடக்கும்.

அடுத்தது தொப்புள்கொடி. வயிற்றிலிருந்து ஓர் அங்குலம் விட்டுச் சுத்தமான நூலால் கட்டி, அதற்குக் கீழே வெட்டி, முனையை டிங்சர் அயோடினில் முக்க வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து தடவ வேண்டும். இதைத் தவறவிட்டால் தொப்புள் வழியாகக் கிருமி ஏறி, இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டு வீங்கிக் குட்டி நொண்டும். அப்போது யாரும் அதைத் தொப்புளோடு சேர்த்துப் பார்ப்பதில்லை, ‘அடிபட்டிருக்கும்’ என்று விட்டுவிடுவார்கள்.

ஈரத்தரையில் கிடக்கும் குட்டிக்குச் சளியும் கழிச்சலும் மாறி மாறி வரும். பரண் கொட்டகை எல்லோராலும் போட முடியாது. தரை மேடாக, காய்ந்ததாக இருந்து, வாரம் ஒருமுறை சுண்ணாம்புத் தூள் தூவினாலே பாதிச் சிக்கல் தீரும். பரண் போடுகிறவர்கள் சட்டங்களுக்கு நடுவே ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி மட்டும் விட வேண்டும். அதற்கு மேல் விட்டால் குட்டியின் கால் சிக்கி ஒடியும்.

புழு மருந்து ஏன் வேலை செய்வதில்லை

மழைக்குப் பிறகு ஆடு இளைத்து, தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கினால், இரைப்பையில் இருந்து ரத்தம் குடிக்கும் உருண்டைப்புழுவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்த்தால் உட்புறம் சிவப்பாக இல்லாமல் வெளிறிக் கிடக்கும். இமை நிறத்தைச் சிவப்பு முதல் வெள்ளை வரை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டும் அட்டை தென்னாப்பிரிக்காவில் உருவாக்கப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதை வைத்து எந்த ஆட்டுக்கு மருந்து தேவை என்று சொல்லிவிடலாம். வெளிறிய ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுத்து மற்றவற்றை விட்டுவிட்டால் செலவும் மிச்சம், மருந்தை மீறி வாழும் புழுக்கள் பெருகுவதும் தள்ளிப்போகும்.

‘போன தடவை கொடுத்தோம், கேட்கவில்லை’ என்று பெண்கள் சொல்வது பொய்யில்லை. பெரும்பாலும் அளவில்தான் கோளாறு இருக்கும். கண் மதிப்பில் எடை சொன்னால் குறைத்தே சொல்லப்படுகிறது. குறைந்த அளவு மருந்து புழுவைக் கொல்லாமல் பழக்கிவிடும். எடை போடத் தராசு இல்லாவிட்டாலும் தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடா போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து புட்ட எலும்பு வரை நீளத்தையும் அங்குலத்தில் எடுக்க வேண்டும். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். சுற்றளவு 28, நீளம் 24 என்றால் சுமார் 28.5 கிலோ. அல்பெண்டசோல் கிலோவுக்கு 7.5 மில்லிகிராம் என்று வைத்தால் 214 மில்லிகிராம் வேண்டும். 2.5 சதவீதக் கரைசலில் ஒரு மில்லியில் 25 மில்லிகிராம் இருப்பதால் ஒன்பது மில்லிக்குச் சற்றுக் குறைவாக வரும். அதே ஆட்டை இருபது கிலோ என்று மதித்தவர் ஆறு மில்லியோடு நிறுத்தியிருப்பார்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. சினை பிடித்த முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கூடாது, கரு பாதிக்கப்படும். மருந்து ஊற்றும்போது ஆட்டின் தலையை வானம் பார்க்கத் தூக்கக் கூடாது. வாய் தரைக்கு இணையாக இருக்க, கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். தூக்கிப் பிடித்து அவசரமாக ஊற்றினால் மருந்து மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும். ஊரில் ‘மருந்து கொடுத்ததும் செத்துப்போச்சு’ என்று சொல்லப்படும் ஆடுகளில் சில இப்படிப் போனவை.

ஆட்டுக்கொல்லி

இந்தியாவில் ஆட்டுக்கொல்லி நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1987இல், விழுப்புரம் பக்கத்து அரசூரில். அங்கு எடுத்த வைரஸிலிருந்து தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய தடுப்பூசி ‘அரசூர் 87’ என்றே அந்த ஊர்ப் பெயரைத் தாங்கியிருக்கிறது. காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு, வாய்ப்புண், அடுத்துக் கடும் கழிச்சல், மூச்சிரைப்பு. குட்டிகளில் பெரும்பங்கைச் சில நாள்களில் கொண்டுபோய்விடும். 2030க்குள் உலகிலிருந்தே இதை ஒழிக்க வேண்டும் என்பது உலகளாவிய திட்டம். ஒரு முறை சரியாகப் போட்ட ஊசி சுமார் மூன்று ஆண்டுகள் காக்கும்.

‘சரியாக’ என்பதில்தான் வினை இருக்கிறது. இது உயிருள்ள வைரஸை உறைய வைத்து உலர்த்திய ஊசி. வெயில் பட்டால் வைரஸ் செத்துவிடும். பிறகு போடுவது வெறும் தண்ணீர். ஊசிக் குப்பி பனிப்பெட்டியில் இருந்தாலும், கலக்கும் நீர்மம் வண்டியின் பெட்டியில் சூடேறிக் கிடந்தால் அதே கதிதான். நீர்மத்தையும் குளிர்வித்தே கலக்க வேண்டும். கலந்ததைப் பனிக்கட்டி மேல் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஆட்டுக்கு ஒரு மில்லி, தோலுக்கடியில். மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டிக்குப் போட்டால் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருளே ஊசியை முறியடித்துவிடும் என்பதால் நான்காம் மாதம் போடுவது பயனுள்ளது.

திட்டத்துக்காகச் சந்தையில் பல இடத்து ஆடுகளை வாங்கி ஒரே வண்டியில் ஏற்றி, வாங்கிய அன்றே பிரித்துக் கொடுப்பதைவிட இந்த நோய்க்கு வாய்ப்பான ஏற்பாடு வேறில்லை. நோய் உள்ளே புகுந்து வெளியே தெரிய நான்கு முதல் ஆறு நாள் ஆகும். அதற்குள் ஆடு பயனாளியின் வீட்டுக்கும், அங்கிருந்து ஊர் மந்தைக்கும் போய்விடும். வாங்குவதற்கு மூன்று வாரம் முன்பே ஊசி போட்ட ஆடுகளாகப் பார்த்து, முடிந்தவரை பக்கத்து ஊர்களிலேயே வாங்கி, புதிய ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டி வைப்பதே சரி. தலையில் துணி போட்டு அழும் பெண்ணிடம் ‘பராமரிக்கத் தெரியவில்லை’ என்று குறை சொல்வதற்கு முன்னால், ஆடு எங்கிருந்து எப்படி வந்தது என்று கேட்பது நியாயம்.

கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சலும் இதே வகைதான். நாட்டுக்கோழியைப் பிடித்து ஊசி போடுவது பெரும்பாடு என்பதால் வாய்வழியாகத் தீவனக் குருணையாகவே கொடுக்கும் தடுப்பு மருந்தையும் அதே பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. நடமாட முடியாத முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கும் ஆட்டைவிடப் பத்துக் கோழி பொருத்தமானது. மேய்க்கப் போக வேண்டாம், தழை சுமக்க வேண்டாம்.

வாசலுக்கு வருகிறவர் யார்

இவற்றில் பலவற்றுக்கு மருத்துவரே வர வேண்டியதில்லை, ஆனால் ஒருவர் தேவை. கால்நடை மருந்தகம் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும். நான்கு ஆடுகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவதற்குள் ஒருநாள் கூலி போய்விடும். இந்த இடைவெளியை நிரப்ப ஜார்க்கண்ட், பிகார், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் ‘பசு சகி’ (கால்நடைத் தோழி) என்ற பெயரில் சுயஉதவிக் குழுப் பெண்களே பயிற்சி பெற்று வீடு வீடாகப் போகிறார்கள். 2022 முதல் ஒன்றிய அரசின் கால்நடைத் துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் சேர்ந்து ‘ஏ-ஹெல்ப்’ என்ற பெயரில் இவர்களை அங்கீகரித்துப் பயிற்றுவிக்கின்றன.

இப்படி வீட்டுக்கு வருகிறவருடைய எல்லை தெளிவாக இருக்க வேண்டும். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், சிகிச்சையைப் பதிவு பெற்ற மருத்துவருக்கே உரியதாக்குகிறது. மாநில அரசு ஆணையிட்ட சிறு பணிகளை மட்டும் மருத்துவரின் மேற்பார்வையில் மற்றவர் செய்யலாம். புழு நீக்கம், குளம்பு வெட்டுதல், புண்ணுக்கு மருந்து போடுதல், வெப்பம் பார்த்தல், தடுப்பூசி முகாமுக்கு ஆட்களைத் திரட்டுதல் போன்றவை அவருடைய வேலை. ஆன்டிபயாடிக் ஊசி அவருடைய வேலையல்ல. ஒரு தடவை பிழைத்த ஆட்டைப் பார்த்து ஊரே அவரிடம் ஊசி கேட்கும். அங்கே ‘கால்நடை அவசர உதவி எண் 1962க்குக் கூப்பிடுங்கள்’ என்று சொல்லும் துணிவைப் பயிற்சியிலேயே கொடுக்க வேண்டும்.

பசு மடிவீக்கத்துக்கு மட்டும் வீட்டிலேயே தொடங்கக்கூடிய ஒரு மருத்துவம் உண்டு. அதே கால்நடைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி மூலம் பரவலானது அது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் மூன்றையும் அரைத்து, ஒரு கைப்பிடி எடுத்து 150 முதல் 200 மில்லி தண்ணீரில் கரைத்து, பாலை முழுக்கக் கறந்துவிட்டு மடி முழுக்கத் தடவ வேண்டும். நாளொன்றுக்கு எட்டுப் பத்து தடவை, ஐந்து நாள். இரண்டு தடவையோடு நிறுத்திவிட்டுப் பலனில்லை என்பவர்களே அதிகம்.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் ‘எல்லோரையும் உள்ளடக்கிய வளர்ச்சி’ என்ற பெரிய சொல் தரையில் கால் வைக்கிறது. பத்தாம் வகுப்பு படித்தவர், வண்டி ஓட்டத் தெரிந்தவர் என்று தகுதி வைத்தால் ஆடே இல்லாத வீட்டுப் பெண் வந்துவிடுவார். ஊர்த் தெருவைச் சேர்ந்தவர் காலனிக்குள் போகத் தயங்குவதும், காலனிப் பெண்ணை ஊர்த் தெருக் கொட்டகைக்குள் விடாததும் மறைக்க வேண்டிய உண்மைகள் அல்ல. இரண்டு பகுதியிலிருந்தும் ஒவ்வொருவரை எடுத்து, அவர்களையே இடம் மாற்றியும் அனுப்புவதுதான் வழி. ஒரு நாளில் காலை இரண்டு மணி நேரம், பத்து வீடு என்று போனால் பன்னிரண்டு நாளில் 120 வீடு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு வீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு மேல் ஒருவர் தலையில் சுமத்தக் கூடாது.

முகாம் நேரமும் அப்படித்தான். காலை பத்து மணிக்கு முகாம் என்றால் ஆடு மேய்ச்சலில் இருக்கும், பெண் வயல்வேலைக்குப் போயிருப்பாள். பட்டியைத் திறப்பதற்கு முன், ஆறிலிருந்து எட்டுக்குள் வாசலிலேயே போட்டால்தான் ஊரில் எல்லா ஆடும் கிடைக்கும். சேவைக்குச் சிறு கட்டணம் முதல் நாளே வாங்கப்பட வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. பக்கத்து வீட்டுப் பெண்தானே என்று இலவசமாகத் தொடங்கினால் திட்ட நிதி நின்ற மாதத்தோடு வேலையும் நின்றுவிடும்.

தழைக்கு நிலம் ஏது

இருபத்தைந்து கிலோ ஆட்டுக்கு நாளுக்கு நான்கைந்து கிலோ பசுந்தீவனம் வேண்டும். நிலமில்லாத பெண்ணிடம் கோ-4 புல் கரணையைக் கொடுப்பதில் பயனில்லை. வேலியோரத்தில் அகத்தி, கிளைரிசிடியா, சூபாபுல் நட முடியும். சூபாபுல்லில் மைமோசின் என்ற நச்சு இருப்பதால் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தண்ணீர்த் தொட்டியில் வளர்க்கும் அசோலாவைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். குடிநீரே குடத்தில் வரும் தெருவில் அது பெண்ணுக்கு இன்னொரு சுமை.

பெரிய பதில் மேய்க்கால் புறம்போக்கில் இருக்கிறது. ஊர்ப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்புகளை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கிராம சபையில் இதைக் கேட்கப் போகும் குழு, கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணையும் பரப்பையும் எழுதி வாங்கிக்கொண்டு போக வேண்டும். பொதுவாக ‘மேய்ச்சல் நிலம் வேண்டும்’ என்ற மனுவுக்குப் பதில் வராது.

காதுவில்லையும் தராசும்

ஆட்டின் காதில் மாட்டும் பன்னிரண்டு இலக்க வில்லையோடு உரிமையாளர் பெயரும் கைப்பேசி எண்ணும் பதிவாகின்றன. பதிவு செய்ய வருபவர் வழக்கமாகக் கேட்பது வீட்டுக்காரர் பெயரை. ஆட்டை வளர்ப்பவள் பெயரைக் கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால், பின்னால் காப்பீடும் கடனும் கணவர் பெயரிலேயே போகும். பால் சங்கத்திலும் இதேதான் நடக்கிறது. கறப்பவள் அவள், உறுப்பினர் அவர், பணம் போகும் கணக்கு அவருடையது.

காப்பீட்டில் பயனாளியின் பங்கு 2024 பிப்ரவரியில் பிரீமியத்தில் 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதற்கு முன் அது 20 முதல் 50 சதவீதம் வரை இருந்தது. இழப்பீடு கிடைக்காமல் போவதற்கு முக்கியக் காரணம், செத்த ஆட்டை உடனே புதைத்துவிடுவது அல்லது விற்றுவிடுவது. ஆடு செத்தவுடன் காதுவில்லை தெரியும்படி படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் மருத்துவருக்கும் தகவல் சொல்லி, பிரேதப் பரிசோதனை முடியும் வரை உடலை வைத்திருக்க வேண்டும். வில்லை விழுந்துவிட்டால் அன்றே மாற்று வில்லை போட்டு எண்ணைத் தெரிவிக்க வேண்டும், செத்த பிறகல்ல.

கடைசியாக விற்பனை. கால்நடைச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசுவது ஆண்களுக்குள் நடக்கும் பேச்சு. அந்தத் துண்டுக்குள் பெண்ணின் கை போவதில்லை. அதனால் தரகர் வாசலுக்கு வந்து ‘உருப்படி இவ்வளவு’ என்று சொல்வதே அவளுக்கு விலை. வீட்டில் பணமுடை என்று தெரிந்த நாளில் அதுவும் குறையும். ஐம்பது கிலோ வரை தாங்கும் தொங்கு தராசு ஒன்றைக் குழுவாக வாங்கி, மாதம் ஒரு நாள் எல்லா வீட்டு விற்பனை ஆடுகளையும் ஒரே இடத்தில் எடை போட்டு, உயிர் எடைக்குக் கிலோ விலை பேசலாம். இரண்டு மூன்று தரகர்களை ஒரே நேரத்தில் வரச் சொல்ல வேண்டும். காலையில், தண்ணீர் காட்டுவதற்கு முன் எடை போட வேண்டும், இல்லாவிட்டால் ‘வயித்துத் தண்ணிக்கும் காசா’ என்று விலையைக் குறைப்பார்கள். எடையை உரக்கச் சொல்லி, வளர்த்தவள் பெயரில் குழுவின் ஏட்டில் எழுதி, பணத்தை அவள் கையில் எண்ணிக் கொடுத்த பிறகே ஆட்டின் கயிற்றை மாற்ற வேண்டும்.